எத்தியோப்பியக் கிறித்தவத் திருவிழாக்கள்

எத்தியோப்பியாவில் ஆண்டுக்கு 13 மாதங்கள். பன்னிரண்டு மாதங்களுக்குத் தலா 30 நாள். மிச்சமுள்ள 5 அல்லது 6 நாள்தான் கடைசி மாதம். ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ திருச்சபையின் விழாக்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அதனால் நம் நாட்காட்டியில் புத்தாண்டு பெரும்பாலும் செப்டம்பர் 11-இலும், கிறிஸ்து பிறப்பு ஜனவரி 7-இலும் விழும்.

புத்தாண்டை அடுத்து, செப்டம்பர் இறுதியில் மெஸ்கெல். இயேசுவின் சிலுவையை எலேனா அரசி கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நிகழ்வின் நினைவு நாள் இது. தாம் மூட்டிய தீயின் புகை போன திசையை வைத்துத்தான் சிலுவை கிடந்த இடத்தை அவர் அறிந்தாராம். அதனால் முந்தின நாள் மாலை அடிஸ் அபாபாவின் மெஸ்கெல் சதுக்கத்தில் மரக்கொம்புகளைக் கூம்பாக நிறுத்தி, மஞ்சள் 'அடேய்' பூக்களைச் செருகித் தீ மூட்டுகிறார்கள். எரியும் கூம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வரும் ஆண்டுக்குக் குறி சொல்வதும் உண்டு. 2013-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மெஸ்கெல் சேர்ந்தது.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் 'கெனா' என்று பெயர். வளைந்த கட்டையால் பந்தடிக்கும் நாட்டுப்புற விளையாட்டுக்கும் அதே பெயர்தான். லாலிபேலாவின் பாறைக் குடைவுக் கோயில்களுக்கு அன்று வெள்ளை ஆடை உடுத்திய யாத்திரிகர்கள் திரள்வார்கள்.

ஆனாலும் ஆண்டின் பெரிய காட்சி பெரும்பாலும் ஜனவரி 19-இல் வரும் திம்கத்தான். இயேசு யோர்தானில் திருமுழுக்குப் பெற்ற நாள். ஒவ்வொரு கோயிலின் கருவறையிலும் 'தாபோத்' என்னும் புனிதப் பலகை இருக்கிறது. மோசேயின் கற்பலகைகளை நினைவூட்டும் அது இல்லாவிட்டால் அந்த இடம் கோயிலே ஆகாது. பொதுமக்கள் கண்ணில் படாத அந்தப் பலகையைப் பட்டுத்துணியில் பொதிந்து, முந்தின நாளே குருமார் தலையில் சுமந்து நீர்நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். மேலே ஜரிகைக் குடை, பக்கத்தில் மத்தளமும் கிலுகிலுப்பையும். இரவு முழுக்கக் கண்விழிப்பு. விடிந்ததும் தண்ணீர் மந்திரிக்கப்பட்டுக் கூட்டத்தின்மேல் தெளிக்கப்படும். கோண்டார் நகரில் தெளித்த தண்ணீர் போதாது. ஃபாசிலிடெஸ் மன்னர் பெயரில் உள்ள குளத்தில் இளைஞர்கள் குதித்தே விடுகிறார்கள். பக்திக்கு நடுவே காதலும் நடக்கும்: மனதுக்குப் பிடித்த பெண்மேல் எலுமிச்சம்பழம் எறிவது பழைய வழக்கம். திம்கத் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது.

உயிர்த்தெழுதல் விழாவான ஃபாசிகாவுக்கு முன் 55 நாள் நோன்பு. இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. அத்தனை நாளும் பருப்பும் காய்கறியும் தின்ற வீட்டில், நள்ளிரவு வழிபாடு முடிந்த கையோடு 'தோரோ வத்' என்னும் கோழிக் குழம்பு இறங்கும். வெங்காயத்தை எண்ணெயில்லாமல் வெகுநேரம் வதக்கி, 'பெர்பெரே' மிளகாய்ப் பொடியும் வாசனை நெய்யும் சேர்ப்பார்கள். கோழியை 12 துண்டாக வெட்டுவது மரபு. அவித்த முட்டைகளையும் அதிலேயே போட்டு, புளித்த தெஃப் தானிய மாவில் சுட்ட இஞ்செரா அப்பத்தின்மேல் ஊற்றியதும், வீட்டார் எல்லோரும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து கையால் பிட்டுச் சாப்பிடுகிறார்கள்.