கட்டு இறுகிய கை

நம்மோடு தொடக்கப் பள்ளியில் படித்த ஒருவனுக்கு வலக்கை கூம்பியிருக்கும். மணிக்கட்டு உள்நோக்கி மடிந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, முன்கை சதைப்பற்றின்றிக் குச்சிபோல் இருக்கும். ஆனால் அந்தக் கையால்தான் அவன் எழுதினான். அதற்கு அவன் ஓர் உபாயம் கண்டுவைத்திருந்தான். மணிக்கட்டை இன்னும் உள்ளே மடக்குவான். உடனே விரல்கள் தாமாகத் தளர்ந்து திறக்கும். இடக்கையால் பலப்பத்தை எடுத்து அந்த இடுக்கில் வைப்பான். பிறகு மணிக்கட்டைச் சிறிது நிமிர்த்துவான். விரல்கள் பலப்பத்தைக் கவ்விக்கொள்ளும். வகுப்பே இதை ஒரு வித்தைபோலப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்ததாம். ஊர் வைத்தியர் மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டினார். பையன் இரண்டு இரவும் கதறினான். அது எலும்பு கூடுகிற வலி, பொறுத்துக்கொள் என்று பெரியவர்கள் தேற்றினார்கள். மூன்றாம் நாள் வலி நின்றுவிட்டது. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

அந்தக் கைக்கு மருத்துவ நூல்களில் ஒரு பெயர் இருக்கிறது என்பதும், அப்பெயருக்குரியவர் குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் எழுதிய ஒரு ஜெர்மானியர் என்பதும் நமக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தன.

ரிச்சர்ட் ஃபோல்க்மான் 1830இல் லைப்சிக் நகரில் பிறந்தார். (நம் மருத்துவர்கள் ஆங்கில வழியில் வோல்க்மேன் என்பார்கள்.) தந்தை ஆல்ஃபிரட் ஃபோல்க்மான் பெயர்பெற்ற உடலியல் பேராசிரியர். மகன் 1867இல் ஹாலே பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். எலும்பு, மூட்டு நோய்கள் அவருடைய தனிக்களம். 1866இல் ஆஸ்திரியாவோடும் 1870இல் பிரான்சோடும் பிரஷ்யா நடத்திய போர்கள் இரண்டிலும் அவர் காயம்பட்டோரிடையே பணியாற்றினார். அக்காலத்துப் போர்க்கள மருத்துவமனை எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் அதிகம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. குண்டடியில் பிழைத்தவனைப் புண்ணில் ஏறிய சீழ் கொன்றது. போர் முடிந்து ஹாலேக்குத் திரும்பியபோது அவருடைய சொந்த மருத்துவமனையிலும் அதே நிலைதான். 1872ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஜோசப் லிஸ்டரின் கார்பாலிக் அமில முறையைக் கைக்கொண்டார், சாவு குறைந்தது. ஜெர்மனியில் அம்முறை வேரூன்ற அவரே முதன்மைக் காரணர்களுள் ஒருவர். மருத்துவ வரலாற்றில் அவருக்கு இடம் கிடைக்க இது ஒன்றே போதும்.

நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. 1870 இலையுதிர் காலத்தில் தொடங்கிய பாரிஸ் முற்றுகை குளிர்காலத்திலும் நீண்டது. பகலில் கைகால்களை அறுத்த இந்த மனிதர், இரவில் பிரெஞ்சு வீடுகளின் கணப்படுப்பருகே அமர்ந்து கதைகள் எழுதினார். அவற்றைப் போர்க்கள அஞ்சலில் ஊரிலிருந்த தம் குடும்பத்துக்கு அனுப்பினார். 1871இல் அவை நூலாக வந்தன. ‘பிரெஞ்சுக் கணப்படுப்பருகே கனவுகள்’ என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். ஆசிரியர் பெயர் ரிச்சர்ட் லேயாண்டர். ஜெர்மனில் ‘ஃபோல்க்’ என்றால் மக்கள், ‘மான்’ என்றால் மனிதன். தம் குடும்பப் பெயரையே கிரேக்கமாக்கிப் புனைபெயராக வைத்துக்கொண்டார். நூல் பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. லேயாண்டரின் கவிதைகள் இரண்டுக்குக் குஸ்தாவ் மாலர் இசையமைத்திருக்கிறார். இசை கேட்போர் அப்பெயரை அறிவார்கள். எலும்பு மருத்துவர்கள் மற்றப் பெயரை அறிவார்கள். இருவரும் ஒருவரே என்று அறிந்தவர் குறைவு.

அத்தொகுப்பில் கண்ணாடி இதயம் கொண்ட மூன்று சகோதரிகளின் கதை இருக்கிறது. ஏழைக்குக் கொடுமை செய்ததால் உடலில் துருவேறிப்போகும் ஒரு வீரனின் கதை இருக்கிறது. கூன்விழுந்த ஒரு சிறுமியின் கதையும் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவள் தாயிடம் கேட்கிறாள். உன் புதுச் சட்டை அவ்வளவு அழகாக இருக்கிறது, அதனால்தான் என்கிறாள் தாய். பின்பு தாய் இறந்துபோகிறாள். வீட்டுக்கு வரும் மாற்றாந்தாய்க்கு இந்தப் பெண்ணைப் பிடிப்பதில்லை. சிறுமி வாடி, அவளும் இறக்கிறாள். அவளை அழைக்க வரும் தேவதூதன் முதுகைத் தொட்டதும் கூன் ஓடுபோல் கழன்று விழுகிறது. உள்ளே மடிந்திருந்தவை இரண்டு வெண்சிறகுகள்.

இக்கதையை இலக்கியத் தரம் என்ற தராசில் வைத்தால் ஆண்டர்சனுக்கு வெகு கீழேதான் வைக்க வேண்டியிருக்கும்; உருக்கம் கூடுதல். ஆயினும், கோணிய எலும்புகளை நாள்தோறும் கையால் தொட்டுப் பார்த்த ஒருவர் எழுதியது என்று அறிந்து படிக்கும்போது அது வேறு கதையாகிவிடுகிறது. அந்தத் தாயின் பொய்யை அவர் எத்தனை தாய்மார் வாயிலிருந்து கேட்டிருப்பாரோ!

இனி அந்தக் கைக்கு வருவோம். அதற்குமுன் மாவுக்கட்டைப் பற்றிச் சில சொற்கள். முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்த மனிதன் மரச்சிம்பு, மூங்கில், மரப்பட்டை, முட்டை வெள்ளைக்கரு, பசைமாவு என எதையெல்லாமோ பயன்படுத்தியிருக்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்ஜியத்துச் சூட்டின் என்பவர் துணியில் கஞ்சிப்பசை ஏற்றிக் கட்டினார். அது உலர நாட்கணக்காயிற்று. 1852இல் ஆண்டோனியஸ் மத்தைசன் என்ற டச்சுப் படைமருத்துவர், பாரிஸ் சாந்துப் பொடியை உலர்ந்த பருத்தித் துணியில் தேய்த்து, வேண்டும்போது நனைத்துச் சுற்றும் முறையை வெளியிட்டார். சில நிமிடங்களில் கட்டு கல்லாகிவிடும். முறிந்த காலோடு ஒரு படைவீரனை வண்டியில் ஏற்றி நெடுந்தொலைவு அனுப்ப முடிந்தது. ரஷ்யர் பிரகோவ் கிரிமியப் போரில் சாந்துக்கட்டைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். கிடைத்தற்கரிய கண்டுபிடிப்பு அது. குறை ஒன்றே: கல் இளகிக் கொடுக்காது. முறிந்த கை முதல் இரண்டு நாட்களில் வீங்கும், கட்டு வீங்காது.

ஃபோல்க்மான் தம் நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான முடத்தைக் கண்டார். முறிவு என்னவோ நன்றாகக் கூடியிருக்கும். கை மட்டும் செயலற்று, விரல்கள் மடிந்து விறைத்திருக்கும். நரம்பு அறுந்து வந்த வாதம் என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். 1881இல் ஜெர்மானிய அறுவை மருத்துவ வார இதழ் ஒன்றில் எழுதிய சிறு கட்டுரையில் அவர் அதை மறுத்தார். நரம்பு வாதத்தில் கை முதலில் துவளும். நாட்பட்ட பிறகே மெல்ல மெல்லச் சுருங்கும். இங்கோ வாதமும் சுருக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஆகவே கோளாறு தசையிலேயே இருக்கிறது. குருதி வராமல் தசை செத்துப்போகிறது. பிணத்தின் உடல் விறைப்பதைப் போன்றதே இதுவும் என்றார். உயிருள்ள உடலில், முன்கை அளவுக்கு மட்டும் நிகழ்ந்த ஒரு மரணம்!

குருதி வராமல் தடுத்தது எது என்ற கேள்விக்கு அவர் தந்த விடைதான் அக்கட்டுரையின் உயிர். அளவுக்கு மீறி இறுக்கிய கட்டு என்றார். ஊழ் என்றோ நோயாளியின் உடற்கூறு என்றோ அவர் தப்பித்துக்கொள்ளவில்லை. கட்டியவர்கள் மருத்துவர்கள், அதைப் படிக்கப் போகிறவர்களும் மருத்துவர்கள். ஜெர்மானிய அறுவை மருத்துவச் சங்கத்தை 1872இல் நிறுவியோருள் ஒருவரான அவர், தம் தொழில் தன் கையாலேயே செய்த ஊனம் இது என்று தொழிலின் முகத்துக்கு நேரே சொன்னார். பின்னர் அந்த ஊனத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1885இல் பிரபுப் பட்டமாக ‘ஃபோன்’ அவர் பெயரோடு சேர்ந்தது; 1889இல் யேனா நகரில் இறந்தார்.

அவர் சொன்னது முழு உண்மை அன்று, பாதி உண்மை. கட்டே போடாத கைகளிலும் இதே முடம் வருவதைப் பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். அப்படியானால் கட்டின் வேலையைச் செய்தது எது? 1914இல் சிகாகோவின் ஜான் மர்ஃபி அதற்கு விடை சொன்னார்: கட்டு உள்ளேயே இருக்கிறது.

நம் முன்கைத் தசைகள் வெறுமனே தோலுக்கடியில் கிடப்பவை அல்ல. உறுதியான, நீளாத ஒரு சவ்வுறை அவற்றைக் கட்டுக்கட்டாகப் பிரித்து அறைகளாக அடைத்துவைத்திருக்கிறது. முறிவினால் அந்த அறைக்குள் குருதி கசிந்து தசை வீங்கும்போது உறை விரிந்து கொடுப்பதில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. முதலில் மெல்லிய சிரைகள் நசுங்குகின்றன. வெளியேற வழியில்லாக் குருதி தேங்க, வீக்கம் இன்னும் கூடுகிறது. அழுத்தம் மேலும் ஏறுகிறது. இந்தச் சுழலில் நுண்குழாய்கள் அடைபட்டுவிடும். கொடுமை என்னவென்றால், தமனியின் அழுத்தம் இதைவிட அதிகம் என்பதால் மணிக்கட்டில் நாடி துடித்துக்கொண்டே இருக்கும். நாடி பார்த்து நிம்மதியடைந்த மருத்துவர்கள் உண்டு. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குமேல் இந்நிலை நீடித்தால் தசை மீளாமல் சாகத் தொடங்கும். செத்த தசை இருந்த இடத்தில் நார் படர்கிறது. நார் சுருங்கி விரல்களை இழுக்கிறது.

நம் வகுப்புத் தோழனின் வித்தைக்கு விளக்கமும் இதுவே. சுருங்கிய தசையின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குச் செல்கின்றன. மணிக்கட்டை மடக்கினால் நாண் தளர்ந்து விரல் திறக்கும். நிமிர்த்தினால் இழுபட்டு மூடும். மருத்துவர்கள் இந்த முடத்தை அடையாளம் காண இன்றும் இதையே செய்து பார்க்கிறார்கள். அதைப் பலப்பம் பிடிக்கப் பயன்படுத்தியவன் நம் தோழன்.

உறையைக் கத்தியால் நெடுகக் கீறித் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கிவிடும் என்று மர்ஃபி சொன்னார். 1926இல் ஜெப்சன் நாய்களிடம் சோதித்து, உரிய நேரத்தில் அழுத்தத்தை இறக்கினால் முடம் வராமல் காக்கலாம் என்று காட்டினார். அத்தோடு சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 1940இல் பிரிட்டனின் கிரிஃபித்ஸ், தமனியில் ஏற்படும் காயமும் இசிவுமே காரணம் என்று வாதிட்டார். பலரும் உறையை மறந்து தமனியைத் தேடத் தொடங்கினர். 1975இல் அமெரிக்காவின் மாட்சன், வெளிக்கட்டு, முறிவு, நசுங்கல், தீப்புண் என வழி எதுவானாலும் முடிவில் நடப்பது ஒன்றே, மூடிய அறைக்குள் ஏறிய அழுத்தம் என்று வகுத்துச் சொன்னார். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று இன்று மருத்துவமனைகளில் வழங்குவது அதுதான். ஃபோல்க்மானின் முடம் அதன் கடைசி நிலை. ஒரு சரியான எண்ணம் அறுபது ஆண்டு காத்திருந்தது. இடையில் போன கைகளுக்குக் கணக்கில்லை.

நாட்டுவைத்தியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மாவுக்கட்டால் போன கைகளும் ஏராளம். ஃபோல்க்மான் குற்றம் சாட்டியது பல்கலைக்கழகத்தில் படித்தவர்களைத்தான். மூங்கில் தப்பையோ பாரிஸ் சாந்தோ, இறுக்கம் எதையும் பார்ப்பதில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று: கட்டிய பிறகு குழந்தை அழுதால் அதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பது. முறிவுக்கு அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறவைக்கும் வலி, இதுவே முதல் அறிகுறி என்று இன்றைய நூல்கள் எல்லாம் சொல்கின்றன. அப்படி அழுத உடனே கட்டைத் தோல்வரை நெடுகப் பிளந்து பிரித்துவிட வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோய் உறையைத் திறக்க வேண்டும். அழுகை தானாக நின்றது என்றால் பல வேளைகளில் அதன் பொருள், வலியைச் சொல்லும் நரம்பும் குருதியின்றி ஓய்ந்துவிட்டது என்பதே. நம் தோழன் வீட்டில் மூன்றாம் நாள் மகிழ்ந்தது அதற்குத்தான்.

அவன் இப்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு பார்த்தபோது ஃபோல்க்மானைப் பற்றிச் சொன்னோம். தசையறை, அழுத்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்; தன் தாய்க்கு மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்றான். பிறகு கூன் சிறுமியின் கதையை இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னான். ஜெர்மன் அறிந்த நண்பர் எவரேனும் அக்கதையை முழுமையாகத் தமிழில் தந்தால், அச்செடுத்து அவனிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.