புதுக்கோட்டைச் சாலைகளும் எண்ணெய் அழுத்தமானியும்

பட்டறைகளில் ஆயில் பிரஷர் கேஜ் என்று அழைக்கப்படும் எண்ணெய் அழுத்தமானி, ஓடும் என்ஜினுக்குள் மசகெண்ணெய் எந்த அழுத்தத்தில் பாய்கிறது என்பதைக் காட்டும் கருவியாகும். எண்ணெயின் அளவைக் குச்சியால் பார்த்துவிடலாம். அழுத்தத்தை அறிய இக்கருவி தேவை. மோட்டார் வண்டியின் வரலாற்றில் முதலில் இது இல்லை, பின்னர் வந்தது, பிறகு பெரும்பாலான கார்களிலிருந்து நீக்கப்பட்டது. இன்று கார் உரிமையாளர் சிலர் இதைத் தாமே வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர்.

தொடர்வண்டிக்கு முன் வந்த பேருந்து

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தின் தலைநகருக்கு 1929இல்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன் வெளியூர் செல்வோர் மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் நம்பியிருந்தனர். இந்நிலையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்த தொழிலின் தொடக்கம் இதுவே.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு அருகில் பட்டறை கிடையாது. வெயிலும் புழுதியும் மிகுந்த சாலையில் என்ஜினின் நலம் ஓட்டுநரின் கவனத்தைப் பொறுத்தே இருந்தது.

சொட்டிலிருந்து முள்ளுக்கு

தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில், ஓட்டுநரின் முன்னால் சிறு கண்ணாடிக் குழல்கள் இருந்தன. அவற்றின் வழியே எண்ணெய் சொட்டுச் சொட்டாக என்ஜினுக்குச் செல்வதை ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். வேறு வண்டிகளில் சுழலும் பாகங்களே கீழ்த் தொட்டியிலுள்ள எண்ணெயை வாரித் தெளித்தன. 1908இல் அறிமுகமான ஃபோர்டு டி மாடல் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் எண்ணெய் அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என்ஜின்களின் வேகமும் திறனும் கூடியபோது தெளிப்பு முறை போதவில்லை. பம்ப் மூலம் எண்ணெயை அழுத்தி, கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கு நேரே செலுத்தும் முறை பரவியது. கண்ணால் பார்த்த சொட்டு மறைந்ததால், அதற்கு மாற்றாக டேஷ்போர்டில் அழுத்தமானியின் முள் இடம்பெற்றது.

அந்த முள்ளை இயக்கும் பொறி மோட்டார் வண்டியை விடப் பழையது. பிரான்சைச் சேர்ந்த யூஜின் பூர்தோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாயே அது. ஒரு முனை அடைபட்ட, தட்டையான வளைந்த குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது குழாய் நிமிர முயலும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். நீராவிக் கொதிகலன்களுக்குப் பயன்பட்ட இக்கருவி கார்களுக்கும் அப்படியே பொருந்தியது.

முள் சொல்வது என்ன?

பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி, பம்ப் தள்ளும் எண்ணெயைத் தடுப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி அகலும், அழுத்தம் குறையும். எனவே முள், எண்ணெய் பாய்வதோடு என்ஜினின் தேய்மானத்தையும் காட்டுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அதற்கான கலன்களை டி.வி.எஸ். நிறுவனமும் தயாரித்தது. கரிவாயு சரிவர வடிகட்டப்படாவிட்டால் சாம்பலும் தாரும் என்ஜினுக்குள் புகுந்து எண்ணெயைக் கெடுத்துத் தேய்மானத்தைக் கூட்டும்.

முள் போய் விளக்கு

போருக்குப் பின் செலவைக் குறைக்க, கார் நிறுவனங்கள் பல அழுத்தமானியை நீக்கிவிட்டுச் சிவப்பு விளக்கை வைத்தன. 1983இல் வெளிவந்த மாருதி 800 காரிலும் விளக்குதான் இருந்தது. அழுத்தம் ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பின்னரே இவ்வகை விளக்கு எரியும். வேகமாக ஓடும் என்ஜினுக்கு அந்த அழுத்தம் போதாது. விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்துவதற்குள் பேரிங் உருகி என்ஜின் இறுகிவிடக்கூடும். மெல்ல மெல்லக் குறையும் அழுத்தத்தை விளக்கு காட்டுவதில்லை, முள் காட்டும்.

லாரி, டிராக்டர் போன்றவற்றில் அழுத்தமானி தொடர்ந்தது. 1975இல் உற்பத்தியைத் தொடங்கிய கோயம்புத்தூரின் பிரிக்கால் நிறுவனம், தமிழ்நாட்டில் டேஷ்போர்டு கருவிகளைத் தயாரிக்கும் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

இக்கருவியில் இரு வகைகள் உண்டு. இயந்திர வகையில் மெல்லிய குழாய் எண்ணெயையே டேஷ்போர்டு வரை கொண்டுவரும். மின்சாரம் தேவையில்லை, ஆனால் குழாய் உடைந்தால் சூடான எண்ணெய் காருக்குள் சிந்தும். மின் வகையில் என்ஜினில் திருகப்படும் சென்சாரிலிருந்து கம்பி மட்டுமே உள்ளே வரும். அன்றாடக் காருக்கு இதுவே ஏற்றது. சென்சாரின் மின்தடை அளவும் கருவியின் அளவும் ஒத்திருக்க வேண்டுமென்பதால் இரண்டையும் ஒரே தயாரிப்பில் வாங்குவது நல்லது. பெரும்பாலான கார்களுக்கு 0 முதல் 7 பார், அதாவது சுமார் 100 பி.எஸ்.ஐ. வரை காட்டும் கருவி போதும்.

பொருத்தும் முன் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் ‘டி’ வடிவ இணைப்பை வைத்தால் சுவிட்சும் சென்சாரும் சேர்ந்தே இயங்கும். விளக்கை நீக்கிவிடக் கூடாது. திருகு மரையின் அளவு காருக்குக் கார் மாறுவதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கம்பி சென்சார் மரை வழியாகவே எர்த் பெறுகிறது. மரையில் டேப்பை மிகுதியாகச் சுற்றினால் முள் தவறாகக் காட்டும். கம்பியோ குழாயோ சைலன்சரின் சூட்டில் படக் கூடாது. தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் வைக்க வேண்டும்.

என்ஜினை இயக்கிய சில நொடிகளில் முள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். கசிவு இல்லையென உறுதிசெய்து, என்ஜின் சூடானபின் மீண்டும் பார்க்க வேண்டும். 1000 சுற்றுக்குப் 10 பி.எஸ்.ஐ. என்பது பொதுவான கணக்கு; காரின் கையேடு சொல்லும் அளவே முடிவானது. சூடான என்ஜின் நின்ற நிலையில் ஓடும்போது முள் காட்டும் அளவை முதல் நாளே குறித்துவைப்பது பயன் தரும். சில மாதங்களில் அது இறங்கினால், விளக்கு எரியும்வரை காத்திராமல் மெக்கானிக்கிடம் காட்டலாம்.