ஆழம் குறைந்த ஏரியில் ட்ரவுட் மீன்பிடிப்பு: காற்றில் படகைக் கையாளும் முறைகள்

ஸ்காட்லாந்தில் ஏரியை 'லாக்' என்பார்கள். அங்கு ட்ரவுட் மீனுக்குப் பெயர்பெற்ற ஏரிகள் பலவும் ஆழம் குறைந்தவை. லாக் லெவன் ஏரியின் சராசரி ஆழம் சுமார் 4 மீட்டர்தான். ஆர்க்னி தீவிலுள்ள ஹாரே ஏரி அதைவிடவும் ஆழம் குறைந்தது. சுற்றிலும் மரங்கள் அதிகம் இல்லாததால் காற்று தடையின்றி வீசும். வெயில் தரைவரை எட்டுவதால் நீர்ச்செடிகள், நத்தை, சிறு இறால், பூச்சிகள் பெருகி மீனுக்கு நல்ல இரை கிடைக்கிறது. இந்த ஏரிகளில் மீன்பிடிக்க உதவுவதும் காற்றுதான், உயிருக்கு ஆபத்தாவதும் காற்றுதான்.

படகில் இருக்க வேண்டியவை

பொதுவாக 16 முதல் 18 அடி நீளப் படகில் இருவர் செல்வார்கள். மோட்டார் இருந்தாலும் ஒரு ஜோடி துடுப்பு, நங்கூரம், தண்ணீர் இறைக்கும் பாத்திரம் ஆகியவை கட்டாயம் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே அணிய வேண்டும். மோட்டார் ஓட்டுபவர், மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். தவறி விழுந்தாலும் மோட்டார் உடனே நின்றுவிடும்.

காற்றோடு மிதக்க விடுதல்

முதலில் காற்று வரும் திசையை நோக்கிச் செல்ல வேண்டும். மோட்டார் பழுதானால் காற்றே படகைப் புறப்பட்ட கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். மேலே சென்றதும் மோட்டாரை நிறுத்தி, படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும். இருவரும் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, படகு நகரும் பக்கம் தூண்டில் வீச வேண்டும். இப்படி மிதக்கும் படகு, மீன் இருக்கும் நீர்ப்பரப்பைச் சீராகக் கடந்து செல்லும்.

திரும்பி மேலே போகும்போது மிதந்து வந்த பாதையிலேயே போகக் கூடாது. மோட்டார் சத்தத்தில் மீன் கலைந்துவிடும். ஓரமாகச் சுற்றிச் செல்ல வேண்டும். பிறர் மிதந்து வரும் படகின் முன்னால் குறுக்கிடவும் கூடாது.

வேகத்தைக் குறைக்கும் துணி

காற்று பலமானால் படகு வேகமாக நகர்ந்து, வீசிய இரையின் மேலேயே ஏறிவிடும், நூலும் தளர்ந்துபோகும். இதைத் தடுக்க 'ட்ரோக்' பயன்படுகிறது. தண்ணீருக்குள் குடைபோல விரிந்து படகை இழுத்துப் பிடிக்கும் துணி இது. இதைக் காற்று வரும் பக்கத்தில், படகின் நடுப்பகுதியில் கட்ட வேண்டும். கட்டும் இடத்தை முன்னோ பின்னோ நகர்த்தினால் படகு சற்றுச் சாய்வான பாதையில் செல்லும்.

ஆழம் மிகக் குறைந்த இடத்தில் துணி பாறையிலோ செடியிலோ மாட்டிக்கொள்ளும். அத்தகைய இடம் வருமுன் இழுத்து உள்ளே வைக்க வேண்டும். துணி நீரில் இருக்கும்போது மோட்டாரை இயக்கக் கூடாது. கயிறு விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

பாறைகளும் செடிகளும்

பாறைத் திட்டுகளின் ஓரத்தில்தான் மீன் அதிகம் மேயும். அங்கே மெதுவாகச் செல்ல வேண்டும். ஒருவர் முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஆழம் முழங்கால் அளவுக்குக் குறைந்தால் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்பு போடலாம். மற்ற இடத்தில் அலை சிறியதாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் வெள்ளையாக உடைந்தால் அடியில் பாறை இருக்கிறது என்று கொள்ளலாம்.

நங்கூரத்தைப் படகின் முன்பக்கத்திலிருந்தே இறக்க வேண்டும். பின்பக்கத்தில் கட்டினால் அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கக்கூடும். கயிறு ஆழத்தைப்போல் குறைந்தது 3 மடங்கு நீளம் இருக்க வேண்டும். காற்று பலமானால் இன்னும் நீளமாக விட வேண்டும்.

எப்போது கரை திரும்ப வேண்டும்?

ஆழம் குறைந்த ஏரியில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் காற்று வீசும்போது கரையிலுள்ள சிறு மரங்கள் ஆடும், ஏரியில் அலைகளின் உச்சி வெண்மையாக நுரைக்கும். இந்த அறிகுறி தெரிந்ததும் சிறிய படகு கரை திரும்புவது நல்லது. மீன் நன்றாகக் கடிக்கும் நேரம் இதுவாகவே இருக்கலாம். அதற்காகத் தாமதிக்கக் கூடாது.

திரும்பும்போது வேகத்தைக் குறைத்து, அலையை முன்பக்கத்தால் சற்றுச் சாய்வாக எதிர்கொள்ள வேண்டும். பெரிய அலையில் படகைக் குறுக்காகத் திருப்பக் கூடாது. எழுந்து நிற்பதும், இருவரும் ஒரே பக்கம் சாய்வதும் படகைக் கவிழ்த்துவிடும். மீனை வலையில் எடுக்கும்போதும் உட்கார்ந்தபடியே எடுக்க வேண்டும்.

படகு கவிழ்ந்தால்

ஸ்காட்லாந்து ஏரிகளில் கோடையிலும் தண்ணீர் குளிராகவே இருக்கும். திடீரென விழுந்தவருக்கு மூச்சுத் திணறல் வரும். உடனே நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு உதவி கேட்க வேண்டும். கரை அருகில் தெரிந்தாலும் படகை விட்டு விலகக் கூடாது. குளிரில் கை கால்கள் விரைவில் வலுவிழந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவது இதனால்தான்.

புறப்படும் முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.