அறுபது என்ற எண்ணும் அதன் அடித்தளமும்: அமெரிக்க செனட்டின் விவாத முடிப்பு விதி

அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 வாக்குகள் தேவை. அந்த அவையைப் பற்றிய சர்ச்சை பெரும்பாலும் இந்த எண்ணையே சுற்றி வருகிறது. 51 போதும் என்கிறார்கள் ஒரு சாரார். சிறுபான்மைக்கு எஞ்சியிருக்கும் அரண் இது ஒன்றுதான் என்கிறார்கள் மறுசாரார். ஐந்தில் மூன்று என்ற பின்னம் எதன் மீது கணக்கிடப்படுகிறது என்ற கேள்வியை இரு சாராருமே அதிகம் எழுப்புவதில்லை. வந்திருந்து வாக்களித்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கா, பதவியேற்ற உறுப்பினர் அனைவரிலும் ஐந்தில் மூன்று பங்கா? முதல் முறையில், விவாதம் தொடர வேண்டும் என்பவரும் அவைக்கு வந்து எதிர்த்து வாக்களித்தாக வேண்டும். இரண்டாவது முறையில் அவர் வராமல் இருந்தாலே அது எதிர்வாக்குக்குச் சமம். இந்த விதியின் குணத்தைத் தீர்மானிப்பது விகிதத்தின் உயரத்தைவிட அது நிற்கும் அடித்தளம்தான். தடையைத் தளர்த்திய சீர்திருத்தம் என்று பெயர் பெற்ற 1975ஆம் ஆண்டு மாற்றம், தடுப்பவர்களின் சுமையை இறக்கிப் பெரும்பான்மையின் தோளில் ஏற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முடிவில்லா விவாதம் அமெரிக்க அரசியல் சட்டம் தந்த உரிமை அன்று. பதவிநீக்கத் தீர்ப்பு, உறுப்பினர் வெளியேற்றம், உடன்படிக்கை ஒப்புதல், குடியரசுத் தலைவரின் மறுப்பாணையை மீறுதல், அரசியல் சட்டத் திருத்தம் ஆகியவற்றுக்கு அச்சட்டம் மூன்றில் இரண்டு பங்கு கேட்கிறது. சாதாரண மசோதாவுக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. நடைமுறை விதிகளை வகுக்கும் பொறுப்பை அந்தந்த அவையிடமே விட்டுவிட்டது. செனட் 1806இல் தன் விதிகளைத் திருத்தியபோது, பயன்பாடற்றது என்று கருதி ஒரு நடைமுறைத் தீர்மானத்தை நீக்கியது. பிற்காலத்தில் விவாதத்தை முடிக்கும் கருவியாக வளர்ந்திருக்கக் கூடிய தீர்மானம் அது. அதன்பின் நூறாண்டுக்கும் மேல், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்வரை அவரை நிறுத்த அந்த அவையில் வழியில்லை. 1917 மார்ச்சில், வணிகக் கப்பல்களுக்கு ஆயுதம் தரும் மசோதாவைப் பதினொரு உறுப்பினர்கள் கூட்டத்தொடர் முடியும்வரை இழுத்தடித்தார்கள். அதிபர் உட்ரோ வில்சன் கொதித்தார். சில நாட்களிலேயே, மார்ச் 8 அன்று, 76க்கு 3 என்ற வாக்கில் 22ஆம் விதியில் விவாத முடிப்பு சேர்க்கப்பட்டது. பதினாறு பேர் கையெழுத்திட்ட மனு, இடையில் ஒரு நாள், பிறகு வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் விவாதம் வரம்புக்குள் வரும்.

அடித்தளம் இருமுறை மாறியதை இங்கே நிதானித்துப் பார்க்க வேண்டும். 1949இல் செனட் தேவையான அளவை மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தியது. 1959இல் மீண்டும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறக்கியது. இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு 1962 ஆகஸ்ட் 14 சான்று. தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் மசோதா மீதான விவாதம் அன்று 63க்கு 27 என்ற வாக்கில் முடித்து வைக்கப்பட்டது. 1927க்குப் பிறகு வெற்றி பெற்ற முதல் முடிப்புத் தீர்மானம் அதுவே. 90 பேர் வாக்களித்ததால் 60 வாக்குகள் போதுமானவை. 1949ஆம் ஆண்டு விதி நீடித்திருந்தால் 67 தேவைப்பட்டிருக்கும். அந்த 63 தோற்றிருக்கும். விகிதம் ஒன்றே, அவையும் ஒன்றே. அடித்தளம் மாறியதால் முடிவும் மாறியது.

1975இல் செனட் உறுப்பினர்கள் வால்டர் மாண்டேலும் ஜேம்ஸ் பியர்சனும் முன்வைத்த தீர்மானம், வாக்களித்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கு போதும் என்றுதான் கேட்டது. கடும் மோதலுக்குப் பின் எட்டிய சமரசத்தில் ஐந்தில் மூன்று தங்கியது. ‘வாக்களித்தவர்கள்’ போய், முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியேற்ற உறுப்பினர் அனைவரும் அந்த இடத்துக்கு வந்தார்கள். 67 என்பது 60 ஆகிவிட்டது என்று மேலோட்டமாகச் சொல்லலாம். ஆனால் 57 பேர் ஆதரித்து 28 பேர் மட்டுமே எதிர்த்து வாக்களிக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். பழைய விதியில் விவாதம் முடிந்துவிடும். புதிய விதியில் முடியாது. இன்று 59 பேர் ஆதரித்து ஒருவர்கூட எதிர்க்க வராவிட்டாலும் தீர்மானம் தோற்கும். 1975 மாற்றத்துக்குச் சற்று முன்புதான், செனட் பெரும்பான்மைத் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்டின் கீழ், தடைபட்ட மசோதாவை ஓரமாக வைத்துவிட்டு மற்ற அலுவல்களைத் தொடரும் இரட்டைத்தட நடைமுறை வேரூன்றியிருந்தது. பேசித் தடுக்கும் உடலுழைப்பை அந்த நடைமுறை நீக்கியது. வந்து வாக்களித்துத் தடுக்கும் உழைப்பைப் புதிய அடித்தளம் நீக்கியது.

சுமை யார் மீது விழுகிறது என்பதை 2009 டிசம்பர் 21 காட்டுகிறது. மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதாவுக்காக நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நடந்த வாக்கெடுப்புக்கு, 92 வயது உறுப்பினர் ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். முடிவு 60க்கு 40. எதிர்த்த நாற்பது பேரும் அன்று உறங்கப் போயிருந்தாலும் கணக்கில் எதுவும் மாறியிருக்காது. பேர்ட் வராதிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். 2021 மே 28 இன்னும் தெளிவானது. அந்த ஆண்டு ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த வன்முறையை விசாரிக்கும் ஆணையத்துக்கான மசோதா 54க்கு 35 என்ற வாக்கில் தடுக்கப்பட்டது. வாக்களித்த 89 பேரில் ஐந்தில் மூன்று பங்குக்கு 54 போதும். மாண்டேல், பியர்சனின் முதல் வாசகம் நிலைத்திருந்தால் அந்த மசோதா விவாதத்துக்கு வந்திருக்கும். விதி வேறாக இருந்தால் வராதவர்களும் வந்திருப்பார்களே என்று இதை மறுக்கலாம். அந்த மறுப்பு சரியானது. என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அதுவே. வராதவர்களில் இருவர் ஆளுங்கட்சியினர், ஒன்பது பேர் எதிர்க்கட்சியினர். அந்த ஒன்பது பேரில் சிலராவது வந்து, தம் பெயர் பதிவாக எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டியிருக்கும். இத்தகைய மசோதாவைத் தடுப்பவர் தடுத்ததாகப் பதிவாவது குடியாட்சியில் மிகக் குறைந்த கடமை.

இதைவிடக் கனமான மறுப்பை வரலாறே தருகிறது. சுமை எதிர்ப்பவர்கள் மீதும் இருந்த காலத்தில்தான் தென்மாநில உறுப்பினர்கள், கறுப்பினத்தவரைக் கும்பல் கொலைகளிலிருந்து காக்கும் மசோதாக்களையும் குடிமை உரிமை மசோதாக்களையும் பல்லாண்டுகள் புதைத்தார்கள். 1964இல் 71க்கு 29 என்ற வாக்கு வரும்வரை அந்தச் சுவர் பெயரவில்லை. உண்மை. வந்து நிற்கும் சிரமம் எதிர்ப்பின் தீவிரத்தை அளக்குமே தவிர, அதன் நியாயத்தை அளக்காது. அந்த எதிர்ப்பு தீவிரமானது, அநீதியானது. அடித்தளம் கட்டுப்படுத்துவது தடையின் பரப்பை. 1917 முதல் 1970 வரை தாக்கலான முடிப்பு மனுக்கள் 60க்கும் குறைவு. 2021–22 கூட்டத்தொடரில் மட்டும் 300க்கும் மேல். அவற்றில் பல, இப்போது எளிய பெரும்பான்மையே போதுமான நியமனங்களைப் பற்றியவை. கட்சிப் பிளவு கூர்மையானதும் இந்தப் பெருக்கத்துக்குக் காரணம். அவற்றைக் கழித்தாலும், விலையில்லாத தடை அன்றாடப் பழக்கமாகிவிட்டது என்பது மிஞ்சுகிறது.

பலரும் விரும்பும் மாற்று, உறுப்பினரை மீண்டும் எழுந்து நின்று பேச வைப்பது. அது சுமையைத் தவறான தோளுக்கே திருப்பிவிடும். தடுக்கும் தரப்புக்கு ஒரே ஒரு பேச்சாளர் போதும். கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) கேட்கப்படும்போதெல்லாம் 51 பேரை இரவும் பகலும் தயாராக வைத்திருக்க வேண்டியது பெரும்பான்மை. பழைய தலைவர்களை இரட்டைத்தடத்துக்குத் தள்ளிய களைப்பும் இதுவே. வாக்களித்தவர்களில் ஐந்தில் மூன்று என்றால், ஆள் குறைந்த ஒரு நாளில் 31 பேர் விவாதத்தை முடித்துவிடலாமே என்ற அச்சத்துக்கு விடை எளிது. பிரிட்டிஷ் மக்களவையில் விவாதத்தை முடிக்கப் பெரும்பான்மையோடு குறைந்தது 100 ஆதரவு வாக்குகளும் வேண்டும். செனட்டும் 51 என்ற கீழ்வரம்பை வைத்துக்கொள்ளலாம்.

செனட் இந்த வழியை எடுக்கவில்லை, விதிவிலக்குகளைத் தோண்டியது. பட்ஜெட் இணக்க மசோதாக்களுக்கு 20 மணிநேர விவாத வரம்பு உண்டு. 2013இல் ஜனநாயகக் கட்சியும் 2017இல் குடியரசுக் கட்சியும் நியமனங்களுக்கு 60 தேவையில்லை என்று புதிய முன்னுதாரணம் வகுத்தன. இரண்டாவது, உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் உள்ளடக்கியது. இவை நியமனங்களில் சிறுபான்மையின் தடுப்பு வலிமையை அடியோடு எடுத்துவிட்டன. வாக்களித்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கு, குறைந்தது 51 என்ற விதியோ அதை எடுக்காது: 41 பேர் வந்து எதிர்த்தால் 59 பேரால் அவர்களை மீற முடியாது. இந்த அடித்தளம் அந்த அவைக்குப் புதியதும் அன்று. விதிகளையே திருத்தும் தீர்மானங்கள் மீதான விவாதத்தை முடிக்க, 22ஆம் விதி இன்றும் வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கேட்கிறது.