துதிக்கை இழந்த எழுத்துக்கள்

நிலக்கோட்டைக்குக் கிழக்கே எழுந்து நிற்கும் சிறுமலையும், தெற்கே வைகைக் கரையில் ஆஞ்சநேயர் கோயில் கொண்டுள்ள அணைப்பட்டியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; ஆனால் அவற்றின் பெயர்களை எழுதும் முறையோ, இவ்வூர் மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1978 அக்டோபரில் பிறந்த ஓர் அரசாணையால் மாறிற்று. அதற்கு முன் அச்சான கிரந்தங்களிலும் பத்திரங்களிலும் 'லை', 'ணை' என்பவை யானைத் துதிக்கை போல வளைந்தெழுந்த சுழியோடு விளங்கின. பின்னர், 'கை', 'தை' முதலியவற்றுக்கு வழங்கிய குறியையே அவையும் ஏற்றன.

1935ஆம் ஆண்டிலேயே பெரியார் தம் 'குடிஅரசு' பத்திரிகையில் கையாளத் தொடங்கிய இச்சீர்திருத்தம், நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, பதின்மூன்று எழுத்துக்களின் அளவில் அரசின் சம்மதம் பெற்றது. புதுக்குறி எதுவும் இதில் புகுத்தப்படவில்லை. ஆகையால் பழைய முறையில் பயின்றோர் புதியதை முதற்பார்வையிலேயே வாசித்தனர். இடர்ப்பட்டவர்கள் புதியதை மட்டுமே பயின்ற சந்ததியார். பாட்டனார் பத்திரத்தை விரித்ததும் அவர்கள் கண் ஒரு கணம் தயங்கிற்று.

கணினி பாஷைகளிலும் இத்தகைய மாற்றம் நேர்ந்ததுண்டு. குய்டோ வான் ராசம் படைத்த பைத்தனின் இரண்டாம் பதிப்பு, 'நிலக்கோட்டை' என்ற சொல்லைச் சாதாரணமாக மேற்கோளிட்டுத் தந்தால், யூ.டி.எஃப்-8 முறையில் அதன் பைட்டுகளை எண்ணி 33 என்னும். 2008 டிசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்போ யூனிகோடு குறிகளை எண்ணி 11 என்னும். நம் கண்ணுக்கு ஆறெழுத்தாகிய அச்சொல்லின் உண்மையை இந்த மாற்றம் சற்றே நெருங்கியது. எனினும் பழைய நிரல்கள் அநேகம் புதிய பதிப்பில் இயங்க மறுத்தன. அதனை முன்னரே உணர்ந்த அப்பாஷையின் ஆக்கியோர், பழைய நிரலைப் புதியதாக்கும் கருவியொன்றை அளித்தனர். புதிய இலக்கணத்தின் சில பகுதிகளைப் பழைய பதிப்பிலேயே பழகிக்கொள்ள வழிவகுத்தனர். யூனிகோடு சொல்லெனக் காட்ட மேற்கோளுக்கு முன் இடப்பட்டதும் தாம் நீக்கியதுமான 'யூ' என்ற முன்னொட்டை 2012இல் மீண்டும் அனுமதித்தனர். 2020 ஜனவரி முதல் தேதி வரை பழைய பதிப்பையும் பராமரித்தனர்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குங்கால் ஒரு பேதம் புலனாகிறது. பழைய பத்திரத்தில் 'சிறுமலை' என்ற பெயரில் தயங்கும் சிறுவன், முன்னுள்ள எழுத்துக்களைக் கூட்டி வாசித்து, தானே ஊகித்துத் தெளிவான். தெளியாவிடில் பக்கத்தில் அமர்ந்த பெரியவர் விரல் வைத்துக் காட்டுவார். இயந்திரத்துக்கோ ஊகமும் இல்லை, பெரியவரும் இல்லை. ஒரு குறி பிசகினும் நின்றுவிடும். ஆகவே, பாஷையைத் திருத்தும் உரிமையை ஏற்றவர், பழையதை நம்பி எழுதியவனுக்கு முன்னறிவிப்பும், மாற்றும் கருவியும், போதிய அவகாசமும் தருதல் தயவன்று, தர்மம். பக்கத்தில் அமரும் அந்தப் பெரியவரின் ஸ்தானத்தை அவர்களே வகிக்க வேண்டும்.