ஆடிவேலும் கொம்பனித்தெருவும்

ஆடி பிறந்தால் கொழும்பு மாநகரில் வேல் விழாக் காலம். செட்டியார் தெருக் கோயிலிலிருந்து முருகனின் வேல் ரதமேறிப் புறப்பட்டு, கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடல் வழியே பம்பலப்பிட்டியை அடையும். திடலை அடுத்துள்ள கொம்பனித்தெரு மக்களும் பிள்ளைகுட்டிகளோடு அதைக் காணச் செல்வர். கரும்புக் கடையின் முன்னும் வளையல் கடையின் முன்னும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலாயரும் தோளுரச நிற்பர். பக்தி விழாவாகத் தொடங்கிய ஒன்று நகரத்துக்கே பொதுவான களியாட்டக் காலமாயிற்று.

இவ்விழா எவ்வாறு தோன்றியது? அக்காலத்தில் அடியார்கள் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்றனர். யாத்திரிகரால் வாந்திபேதி பரவுமென அஞ்சிய ஆங்கில அரசு, 1870களில் அந்த யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. கதிர்காமம் செல்ல இயலாத நிலையில், 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பிலேயே வேல் விழாவைத் தொடங்கினர். அரிசி இறக்குமதியிலும் கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுப்பதிலும் ஈட்டிய செல்வம் அவர்களிடம் குவிந்திருந்தது. அத்தோட்டங்களிலே உழைத்து மடிந்த தமிழ்த் தொழிலாளரின் வியர்வையும் அச்செல்வத்தில் கலந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆயினும் பணம் படைத்தோர் ரதத்தைத்தான் செய்விக்க முடியும். விழாவை விழாவாக்குவோர் வீதியில் திரளும் மக்களே. கொம்பனித்தெருவின் வரலாறு அத்தகைய மக்களின் வரலாறு. ஒல்லாந்தர் தம் அடிமைகளை அடைத்துவைத்த இடம் அது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்றே வழங்கிற்று. அங்குள்ள வேகந்தைப் பள்ளிவாசல் 1786இல் மலாயரால் எழுப்பப்பட்டது. மலாயர் பெருமளவில் பணிபுரிந்த இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வேல் ரதம் திடலைக் கடந்து சென்றது.

1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது இனம் கடந்த ஒற்றுமையை நகரம் கண்டது. ஆடி வீதியில் ஒன்றுகூடிப் பழகியவர்களுக்கு அவ்வொற்றுமை அந்நியமானதன்று. ஆனால் 1983 யூலையில், அதே ஆடி மாதத்தில், அந்த வீதிகளிலேயே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வேல் விழாவும் பல ஆண்டுகள் தடைப்பட்டது. 1990களில் அது மீண்டும் தொடங்கியது; ரதம் ஓடியது; எனினும் பழைய நம்பிக்கை ரதத்தோடு சேர்ந்து திரும்பிவிடவில்லை.

2010இல் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. சுற்றிலும் வான்முட்டும் மாடங்கள் எழுகின்றன. ரதத்தைப் பாதுகாப்பதோடு விழா பிழைத்துவிடாது. அதைக் காண வீதிக்கு வரும் மக்கள் அந்த மண்ணிலேயே அச்சமின்றி வாழ உரிமை பெறவேண்டும். அவ்வுரிமைக்காகக் குரல் கொடுப்பதும் நம் பண்பாட்டுப் பணியே.