இலண்டன் – பாரிஸ் பயணத் தொலைவும் பறப்பு நேரமும்

இலண்டன், பாரிஸ் ஆகிய இரு தலைநகரங்களின் மையங்களுக்கு இடையிலான நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 344 கிலோமீட்டர் ஆகும். இடைநில்லா வானூர்திகளின் கால அட்டவணையில் பயண நேரம் பொதுவாக 1 மணி 15 நிமிட அளவில் குறிக்கப்படுகிறது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியாகச் செல்லும் யூரோஸ்டார் தொடர்வண்டி 492 கிலோமீட்டரை ஏறத்தாழ 2 மணி 16 நிமிடங்களில் கடக்கிறது.

தொலைவைக் கணக்கிடுதல்

புவி கோள வடிவினது என்பதால் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் ஒரு வில்லாகும். எனினும் இவ்வளவு குறைந்த தொலைவுக்குப் பிதாகரசு தேற்றமே போதுமானது. இரு நகரங்களின் அகலாங்கு வேறுபாடு ஏறத்தாழ 2.65 பாகை, ஒரு பாகைக்கு 111.2 கிமீ வீதம் இது 295 கிமீ ஆகும். நெட்டாங்கு வேறுபாடு 2.48 பாகை. 50 பாகை அகலாங்கில் நெட்டாங்குக் கோடுகள் நெருங்கிவிடுவதால் இது 177 கிமீ மட்டுமே. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 344 கிமீ கிடைக்கும்.

பறப்பு நேரம்

மணிக்கு 850 கிமீ வேகத்தில் 344 கிமீ தொலைவைக் கடக்க 24 நிமிடங்கள் போதும். அட்டவணை நேரம் இதைப் போல் மூன்று மடங்காக இருப்பதற்குக் காரணம், அது வானில் இருக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதன்று என்பதே. நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கி, மறு நிலையத்தில் நிற்கும் வரையிலான முழு நேரமும் அதில் அடங்கும். ஓடுபாதைக்குச் செல்லுதல், முறைக்காகக் காத்திருத்தல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கே பெரும்பகுதி செலவாகிறது. முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகவும் குறைவு. வானூர்திகள் வகுக்கப்பட்ட வான்வழிகளில் செல்வதால் வழியும் நேர்கோடன்று.

பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்தைவிட ஒரு மணி முன்னே உள்ளது. ஆகவே காலை 9.00 மணிக்கு இலண்டனிலிருந்து புறப்படும் வானூர்தி பாரிசை அடையும்போது அங்கு 11.15 மணியாகியிருக்கும். திரும்பும் பயணத்திலோ கடிகாரப்படி 15 நிமிடங்களே கழிந்திருக்கும். இவ்வேறுபாடு புவியியலால் வந்ததன்று. 1940 இல் செருமானிய ஆக்கிரமிப்பின்போது பாரிசில் கடிகாரங்கள் மாற்றப்பட்டதன் எச்சமாகும்.

வரலாறு

1919 ஆகத்து 25 அன்று இன்றைய ஹீத்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள ஹவுன்சுலோ ஹீத்திலிருந்து பாரிசின் லெ பூர்ஜே நிலையத்துக்கு அன்றாட வானூர்திச் சேவை தொடங்கியது. முதல் பறப்புக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது.

அக்கால வானோட்டிகள் கீழே தெரியும் சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் பார்த்தே வழி அறிந்தனர். 1922 ஏப்ரல் 7 அன்று பிரான்சின் பிக்கார்டி பகுதியில், மூடுபனியில் இவ்வாறு எதிரெதிரே வந்த இரு வானூர்திகள் மோதியதில் எழுவர் உயிரிழந்தனர். பயணிகள் வானூர்திகள் வானில் ஒன்றோடொன்று மோதிய முதல் விபத்து இதுவே. போகும் வழியையும் வரும் வழியையும் பிரித்து வகுக்கவேண்டிய தேவையை இவ்விபத்தே உணர்த்தியது.

தொடர்வண்டி

யூரோஸ்டார் சேவை 1994 நவம்பரில் தொடங்கியபோது பயணத்துக்கு 3 மணி நேரம் ஆனது. 2007 நவம்பரில் பிரித்தானியப் பகுதியின் அதிவேகப் பாதை நிறைவடைந்ததும் அது இரண்டேகால் மணியாகக் குறைந்தது. வானூர்தி நிலையங்கள் இரு நகரங்களிலும் மையத்திலிருந்து தொலைவில் உள்ளன. தொடர்வண்டி நிலையங்களோ நகருக்குள்ளேயே அமைந்தவை. எனவே வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் வானூர்தியின் ஒரு மணிநேர முந்துதல் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. இரண்டரை மணிக்குள் தொடர்வண்டியில் சென்றுவிடக்கூடிய வழித்தடங்களில் வானூர்திச் சேவையைத் தடை செய்யும் பிரெஞ்சு விதி 2023 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அது உள்நாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே உரியது. இலண்டன் வழித்தடத்துக்குப் பொருந்தாது.